கல்லா, மணலா, ஆறா: எங்கள் கரைக்கு எதைக் கேட்பது?

பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கிருந்து பெங்களூருக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நாற்பதுக்கும் மேல் இருக்கும். அல்சூரிலும் மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலுமாக இருக்கும் நாங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை ஒன்றுகூடுவது வழக்கம். இந்த முறை கூட்டத்துக்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்தாரின் சார்பில் சித்தப்பா ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். அம்மன் கோயிலுக்குக் கிழக்கே இருந்த தென்னந்தோப்பின் கடைசி வரிசையும் போன ஐப்பசி மழையில் கடலோடு போய்விட்டது என்றும், கரையில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் வளைந்து நீளும் கல் வரிசை, அமைத்துத் தரக் கேட்டு அரசுக்கு மனுக் கொடுக்கப் போகிறார்கள் என்றும், பெங்களூரில் இருப்பவர்களும் கையெழுத்திட்டுச் செலவுக்கு ஒரு தொகை தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்.

ஊர் கேட்டால் கொடுப்பதுதான் முறை. ஆனால் ஒரு முறை கல்லைப் போட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம் என்பதால், என்னென்ன வழிகள் உண்டு, எது எங்கள் கரைக்குப் பொருந்தும் என்பதை எல்லோரும் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று விரும்பி இதை எழுதுகிறேன். நான் இங்கே ஒரு பள்ளியில் இருபது ஆண்டுகளாகப் புவியியல் கற்பிக்கிறேன். கடல் பொறியாளர் அல்லேன். எந்த வழியை எடுத்துக்கொண்டாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இதனால் கரைக்குப் புதிதாக மணல் வருகிறதா, அல்லது இருக்கும் மணல் கைமாறுகிறதா?

அந்தக் கேள்வி ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, நம் கரை எப்படி உண்டானது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மைசூர்ப் பீடபூமியின் பாறைகளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளும் மழையில் சிதைந்து காவிரியில் இறங்குகின்றன. பருமணல் ஆற்றின் அடியில் உருண்டும் துள்ளியும் வருகிறது. நுண்ணிய வண்டலும் களியும் நீரில் கலந்து மிதந்தே வருகின்றன. ஆறு கடலைத் தொட்டதும் வேகம் அடங்கிவிடுவதால் மணல் முகத்துவாரத்திலேயே இறங்கிவிடுகிறது. களி மட்டும் இன்னும் சற்றுத் தூரம் போகிறது. வகுப்பில் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே களிமண் கரைசலை ஊற்றி, ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கி வைப்பேன். உப்பில்லாத குவளை மணி அடிக்கும்போதும் கலங்கலாகவே இருக்கும். உப்புப் போட்ட குவளையிலோ களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுத் துணுக்குகள்போலத் திரண்டு, கண் முன்னாலேயே கீழே இறங்கும். ஆற்றுநீர் உப்புநீரைச் சந்திக்கும் இடத்தில் நடப்பதும் இதுவே. சேற்று நிலமும் அலையாத்திக் காடும் அங்கே உண்டாவதற்கும் இதுவே காரணம்.

கடைசிப் பனிக்காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அது உயர்ந்து வந்து, ஏறத்தாழ 8,000 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன் வேகம் குறைந்த பிறகுதான் உலகின் பெரும்பாலான கழிமுகங்கள், அதாவது டெல்டாக்கள், கடலுக்குள் வளரத் தொடங்கின. காவிரியின் கழிமுகமும் அப்படி வளர்ந்தது. வேதாரண்யம் பக்கத்தில் உள்நாட்டில் கடலுக்கு இணையாக ஓடும் பழைய மணல்மேடுகள், ஒரு காலத்தில் கடற்கரை எங்கே இருந்தது என்பதை வரிவரியாகக் காட்டுகின்றன. கழிமுகத்தின் வடிவத்தை ஆறு, அலை, ஏற்றவற்றம் என்ற மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு முடிவு செய்கின்றன. மிசிசிப்பியில் ஆற்றின் கை ஓங்கியிருப்பதால் அது பறவையின் விரல்களைப்போலக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. சுந்தரவனத்தில் ஏற்றவற்றம் ஆட்சி செய்கிறது. நம் கரையிலோ அலைதான் பெரியவர். ஆறு கொண்டுவந்து கொட்டியதை அலை வாரிக் கரையோரமாகவே இழுத்துச் செல்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கு நோக்கி நகரும். வாடை வீசும் மாதங்களில் தெற்கு நோக்கித் திரும்பும். ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம்.

எல்லா மணலும் கரையோடு நிற்பதில்லை. புயலில் ஆழத்துக்கு இழுக்கப்படும் மணலை, கடல் அமைதியான மாதங்களில் அலை சிறிது சிறிதாகத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஆனால் ஓர் ஆழத்துக்கு அப்பால் போனது திரும்பாது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேரே கடலடியில் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. அவற்றில் இறங்கும் வண்டல் ஆழ்கடலுக்கே போய்ச் சேரும். கங்கையும் பிரம்மபுத்திராவும் இப்படி ஆழ்கடலுக்கு அனுப்பியதுதான் வங்கக் கடலின் அடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல விரிந்து கிடக்கிறது. இமயமலையின் உடைசல் இலங்கைக்கும் தெற்கே போய்ப் படிந்திருக்கிறது. நம் கரை நிலைத்திருக்க வேண்டுமானால், வடக்கே போவதையும் ஆழத்துக்குப் போவதையும் ஈடுகட்டும் அளவுக்குத் தெற்கிலிருந்தும் ஆற்றிலிருந்தும் மணல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்த வரவுதான் குறைந்துபோய்விட்டது. 1930களின் தொடக்கத்தில் கண்ணம்பாடி (கிருஷ்ணராஜ சாகர்) அணையும், 1934இல் மேட்டூர் அணையும், பின்னர் கபினியும் ஹேமாவதியும் வந்தன. நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் ஆற்றுநீர் நின்றுவிடுவதால் மணல் முழுவதும் அங்கேயே தங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே மிஞ்சிய மணலைக் கட்டடத்துக்காக அள்ளினார்கள். 1974 முதல் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீரைத்தான் பெங்களூரில் நாம் குடிக்கிறோம். நம்மில் பலருடைய வீட்டுச் சுவரிலும் ஆற்றுமணல் இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த மனுவில் கையெழுத்திடுபவர்களான நாமும் அந்தக் கணக்கில் ஒரு பக்கம் இருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. நைல் நதியில் 1964 முதல் அஸ்வான் உயர் அணை வண்டலைத் தடுத்த பிறகு, ரொசெட்டா முனையில் கடல் ஆண்டுக்கு நூறு மீட்டர் வரைகூட உள்ளே வந்த காலம் உண்டு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வகுப்புக்காகக் கொஞ்சம் மணல் எடுத்து வரலாம் என்று கரைக்கு இறங்கினேன். தென்னை நின்ற இடத்தில் இடுப்பளவுக்கு மணல் செங்குத்தாக அறுந்திருந்தது. அறுந்த முகத்திலிருந்து வேர்கள் தொங்கின. அதன் அடிவாரத்தில், வெள்ளை மணலுக்கு நடுவே நாலு விரல் கனத்தில் கன்னங்கறுப்பாக ஒரு படலம் இருந்தது. காந்தத்தை அதில் வைத்தேன். கருந்துகள்கள் முள்முள்ளாகக் குத்திட்டு நின்றன. அலை வந்து அடித்துத் திரும்பும்போது எடை குறைந்த வெண்மணலை முதலில் கொண்டுபோய்விட்டு, கனமான இரும்புத்தாது மணலை விட்டுவிட்டுப் போகிறது. கரை இழந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்தக் கறுப்புப் படலமும் ஓர் அடையாளம். அதைத் தாளில் மடித்து எடுத்து வந்திருக்கிறேன், கூட்டத்தில் காட்டுகிறேன்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்புவது. இது விரைவாக முடியும். சுவருக்குப் பின்னால் இருக்கும் வீடும் சாலையும் சில ஆண்டுகளுக்காவது தப்பும். ஆனால் சுவரில் மோதும் அலை தன் விசையைக் கீழ்நோக்கித் திருப்பிச் சுவரின் காலடி மணலைத் தோண்டிக்கொண்டு போகும். சுவர் சாயும், மேலும் கல் கொட்ட வேண்டும். சுவர் முடியும் இடத்துக்கு அடுத்த நிலம் முன்னைவிட வேகமாக அரிக்கப்படும். புதுச்சேரி இதற்கு நாம் நேரில் பார்க்கக்கூடிய சாட்சி. 1980களின் பிற்பகுதியில் அங்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. நகரத்துக் கடற்கரை மறைந்து, பல ஆண்டுகள் கருங்கல் குவியல்தான் இருந்தது. நகரம் கல்லுக்குப் பின்னால் தப்பியது. அரிப்பு வடக்கே பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நகர்ந்து போனது. நம் ஊரில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஃபைபர் படகைக் கரையேற்றவும் கரைவலை இழுக்கவும் மணற்பரப்பு வேண்டும். கல் கொட்டிய கரையில் மீனவருக்கு வேலையே இல்லை.

இரண்டாவது, ஊர் கேட்கும் தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் வளைந்து நீளும் இந்தக் கல் வரிசைகள், கரையோரமாக நகர்ந்து வரும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. உள்பக்கத்தில் அலை அடங்கியிருப்பதால் படகு விடுவதற்கு வசதி. சித்தப்பா போன்றவர்கள் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் வேறு ஊர்களில் இது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது பொய் அன்று. ஆனால் வளைவுக்குத் தெற்கே சேரும் ஒவ்வொரு கூடை மணலும் அதற்கு வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல்தான். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனதும், வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்துகொண்டே போனதும் இதே கணக்கின் இரண்டு பக்கங்கள். நமக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஊரில்தான் என் அத்தையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. நம் ஊர் மனுவில் நான் கையெழுத்திட்டால், அத்தை வீட்டுத் திண்ணைக்குக் கடலை அனுப்பி வைக்கும் தாளில் கையெழுத்திட்டதாகத்தான் ஆகும். அவர்களும் தூண்டில் வளைவு கேட்பார்கள். அதற்கு வடக்கே உள்ளவர்களும் கேட்பார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து வரும் மணல் ஏற்கெனவே குறைந்துவிட்ட கரையில் தூண்டில் போட்டால், பிடிபடுவதற்குத்தான் என்ன இருக்கிறது?

மூன்றாவது, மணலையே கொண்டுவந்து சேர்ப்பது. நம்மில் பலருக்கு இது கடலில் பெருங்காயம் கரைப்பதுபோலத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நெதர்லாந்தில் 2011இல், ஹேக் நகரத்துக்குத் தெற்கே, கடலடியிலிருந்து எடுத்த 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்து, அலையும் காற்றும் அதைக் கரை நெடுகப் பரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 7 கோடி யூரோ அளவுக்குச் செலவான அந்த வேலையை நம் ஊருக்குக் கேட்க முடியாது. நமக்குப் பொருத்தமான முன்மாதிரி ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரம். அங்கே அலைதடுப்புச் சுவருக்குத் தெற்கே சேரும் மணலை 2001 முதல் குழாய் வழியாக முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் கன மீட்டர். யாருடைய மணலையும் பறிக்காமல், இடையில் நின்றுபோன பயணத்தைத் தொடரச் செய்வது இது. நம் கரையிலும் மீன்பிடித் துறைமுகங்களின் வாயில் தூர்ந்துபோய், அவ்வப்போது வாருகிறார்கள். அப்படி வாரும் மணலைக் கரையில் மேடாகக் குவிக்காமல், விற்காமல், வடக்குப் பக்கக் கரையில் கொட்டினாலே நம் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். புதுச்சேரியில் 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஓர் எஃகு அலைத்தடுப்பை இறக்கி, கூடவே மணலும் சேர்க்கப்பட்ட பிறகு, மறைந்துபோன கடற்கரையின் ஒரு பகுதி திரும்பி வந்ததைப் பலரும் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

இதில் குறை இல்லாமல் இல்லை. கொட்டும் மணல் கரையில் ஏற்கெனவே இருக்கும் மணலின் பருமனுக்காவது சமமாக இருக்க வேண்டும். நைசான சேற்றைக் கொட்டினால் ஒரே வாடைக் காலத்தில் கரைந்துவிடும். கரைக்கு மிக அருகே கடலைத் தோண்டி மணல் எடுத்தால், அந்தப் பள்ளத்தை நிரப்பக் கரை மணலே இறங்கிப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவை செய்துவிட்டுக் கல்வெட்டு வைத்துத் திறந்துவிட்டுப் போகும் வேலை அன்று இது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு ஊர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அலையாத்தி நடலாம் என்று நம் பிள்ளைகள் சிலர் சொல்கிறார்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அது வளர்வதற்குக் காரணம் அங்கே சேறும் அமைதியான நீரும் இருப்பது. நேரே அலை அடிக்கும் நம் மணற்கரையில் அது நிற்காது. நம் கரைக்கு உரியவை நெய்தல் பாட்டுகளில் வரும் அடும்புக் கொடியும், இராவணன் மீசை என்ற புல்லும்தான். அவை காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கும். கொண்டுவந்து சேர்க்கும் மணலைத் தக்கவைக்க இவை உதவும். மணல் இல்லாத இடத்தில் இவற்றாலும் ஒன்றும் ஆகாது.

நான்காவது வழி, ஆற்றிலிருந்து மணலை வரவிடுவது. அடிப்படைக் காரணத்தைத் தொடுவது இது ஒன்றுதான். என் மனம் சாய்வதும் இதன் பக்கம்தான். நமக்கு முன்பிருந்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். கல்லணையில் மணல் தேங்கி ஆறு மேடானபோது, 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அங்கே மணல் போக்கிகளை அமைத்தார். சீனாவின் மஞ்சள் ஆற்றில் ஷியாவ்லாங்டி அணையிலிருந்து 2002 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் வேண்டுமென்றே பெருவெள்ளம் திறந்துவிட்டு, அணைக்குள் தேங்கிய வண்டலையும் ஆற்றின் அடியில் படிந்த வண்டலையும் கடலுக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவில், மிசிசிப்பிப் பக்கத்தில், 1940களின் தொடக்கத்தில் வெள்ளத்துக்காக வெட்டிய ஒரு வாய்க்காலின் முனையில், 1973 பெருவெள்ளத்துக்குப் பிறகு புது நிலம் தலைகாட்டி இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதே லூசியானாவில் ஆற்று வண்டலைச் சதுப்புக்குத் திருப்பும் பெருந்திட்டம் ஒன்று 2023இல் தொடங்கி, செலவும் மீனவர்களின் எதிர்ப்பும் வழக்குகளும் சேர்ந்து 2025இல் கைவிடப்பட்டது. மேட்டூரிலும் 2017இல் தூர் எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்த வண்டல் வயலுக்குப் போனது. அது நல்ல காரியம்தான், ஆனால் கரைக்கு அதனால் ஒரு பிடியும் வராது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு பெரிய ஐயம் வந்தது. தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டது எல்லோருக்கும் தெரியும். பூம்புகாரில் பழைய செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் அலையடிக்கும் இடத்தில் கிடைத்திருக்கின்றன. மேட்டூர் அணைக்கு வெகுகாலம் முன்பே நம் கரை தேய்ந்துகொண்டிருந்தது என்றால், பழியை அணையின் மீது மட்டும் போட முடியாது. கழிமுகத்தில் ஆறு தன் வழியை மாற்றிக்கொண்டே இருக்கும். சரிவும் நேர்வழியும் எங்கே கிடைக்கிறதோ அங்கே வெள்ளம் திரும்பும். கைவிடப்பட்ட கிளையின் முனையைக் கடல் மெல்ல எடுத்துக்கொள்ளும். காவிரியின் பெருவெள்ளம் கொள்ளிடத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 1836இல், கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் மேலணை கட்டியதற்கும், காவிரிக் கிளைக்கு நீர் குறைந்து எல்லாம் கொள்ளிடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதே காரணம். கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறோ நமக்கு வடக்கே இருக்கிறது. அங்கே வந்து சேரும் மணல் அலையோடு பெரும்பாலும் இன்னும் வடக்கே, பிச்சாவரம், பரங்கிப்பேட்டைப் பக்கம் போகும். வாடைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் நம் பக்கம் திரும்பும். ஆகையால் நாளைக்கே அணைகளிலிருந்து மணலைத் திறந்துவிட்டாலும், அது ஆற்றின் அடியில் ஊர்ந்து கடலைச் சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். சேர்ந்த பிறகும் அதில் நமக்குக் கிடைக்கும் பங்கு சிறியது. கழிமுகம் முழுவதற்கும் இது தேவை. ஆனால் இதை மட்டுமே கேட்டுவிட்டு உட்கார்ந்தால் அம்மன் கோயில் தப்பாது.

இவ்வளவையும் யோசித்த பிறகு என் கருத்து இது. தூண்டில் வளைவு மட்டும் கேட்கும் மனுவில் நாம் கையெழுத்திடக் கூடாது. அதற்குப் பதிலாக, நமக்குத் தெற்கே தேங்கி நிற்கும் மணலை முறை வைத்து வடக்குக் கரைக்கு மாற்றித் தர வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாகவும், காவிரியின் கிளைகளிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளக் கூடாது என்பதை இரண்டாவதாகவும் எழுத வேண்டும். கோயிலுக்கு எதிரே உள்ள ஐம்பது அறுபது மீட்டரில் மட்டும், மணல் வந்து சேரும் வரை, தேவைப்பட்டால் எடுத்துவிடக்கூடிய பெரிய மணல் மூட்டைகளை அடுக்கித் தரச் சொல்லலாம். மனுவில் அத்தை ஊர்ப் பஞ்சாயத்தும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அவர்கள் சேராத மனுவுக்கு நான் ஒப்பமாட்டேன். சித்தப்பா வருத்தப்படுவார். நானே ஊருக்குப் போய் அவரிடம் பேசுகிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, நாம் சேர்க்கும் தொகை மனுச் செலவுக்குப் போக மிஞ்சுவதைக் கரையை அளப்பதற்குக் கொடுக்கலாம். இரண்டு மரக்கோல்களும், அவற்றை இணைக்கும் அளந்த கயிறும், தொடுவானமும் இருந்தால் போதும். தொடுவானத்தை மட்டமாகக் கொண்டு, இரண்டு கோல்களின் உயர வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டே போனால் கரையின் சரிவு தாளில் வந்துவிடும். ஊர்ப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், நீர் வற்றும் நேரத்தில் அளக்கலாம். அதிகாரிகளிடம் போய் நிற்கும்போது கையில் ஓராண்டு அளவு இருந்தால் பேச்சுக்கு எடை கூடும். அளவைத் தை மாதத்தில் தொடங்குவது நல்லது. வாடை ஓய்ந்து, கரை மிகவும் ஒடுங்கியிருக்கும் காலம் அதுதான்.